கேமரா ஓடவில்லை

கென்கொக்து மலைக் கிராமத்துப் பள்ளியில் பத்தாம் வகுப்பு என்றால் பெர்மெத் ஒருத்திதான். அவளோடு முதல் வகுப்பில் சேர்ந்த ஏழு பேரும் ஒவ்வொருவராகக் கணவாய்க்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கடைசியாகப் போனவள் சல்தனாத். நரின் நகரத்து விடுதிப் பள்ளியில் சேர்ந்த முதல் மாதம் தினமும் செய்தி அனுப்பினாள். அடுத்த மாதம் வாரத்துக்கு ஒன்று. அதற்குப் பிறகு புத்தாண்டுக்கு ஒரு பூப்படம், அவ்வளவுதான். கீழ் வகுப்பில் இரண்டு பையன்கள் இருந்தார்கள். வாயைத் திறந்தால் குதிரைப் பேச்சு. கணக்கு ஆசிரியர் ஒற்றை மாணவிக்காகக் கரும்பலகையில் எழுதச் சலித்துக்கொண்டு, நீயே படித்துக்கொள், புரியாவிட்டால் கேள் என்று புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுவார். அவள் கேட்டதில்லை.

வீட்டிலும் பேச்சு குறைவு. அப்பா மெலிஸ் ஐம்பது யாக் மாடுகளை மேய்ப்பவர். விடிவதற்கு முன் குதிரையேறிப் போனால் பொழுது சாயும் நேரத்தில் மீசையில் பனி உறைந்து திரும்புவார். உப்புத் தேநீர் இரண்டு கிண்ணம் குடிப்பார். எந்த மாடு நொண்டுகிறது, எந்தச் சரிவில் ஓநாய்க் கால்தடம் தெரிகிறது என்று இரண்டு வாக்கியம் சொல்வார். பிறகு அடுப்புப் பக்கம் காலை நீட்டிப் படுத்துவிடுவார். அம்மா ராகத் ருஷ்யாவில், எகாதெரின்பர்க் நகரத்தில் ஒரு தையல் கூடத்தில் வேலை செய்தாள். போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. வருகிறேன் வருகிறேன் என்று ஒவ்வொரு வசந்தத்திலும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் பனியில் கணவாய் மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு, கடைசியாக வந்த லாரியில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்த எல்னுரா என்ற பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். அவளோடு திலெக் என்ற கேமராக்காரன். பனியில் அடைபட்டுக் கிடக்கும் ஊரில் ஒரு பதின்வயதுப் பெண் எப்படி வாழ்கிறாள் என்று படம் எடுக்கப் போகிறார்களாம். பள்ளி முதல்வர் பெர்மெத்தைக் காட்டினார். காட்டுவதற்கு வேறு ஆளும் இல்லை.

எல்னுரா வீட்டுக்கு வந்து மெலிஸிடம் விவரமாகச் சொன்னாள். ஏப்ரல் வரை இங்கேயே தங்குவோம், வீட்டு வேலையில் கை கொடுப்போம், படத்தை யாருக்கும் காட்டுவதற்கு முன்னால் முதலில் உங்கள் இருவருக்கும்தான் காட்டுவோம் என்றாள். மூன்று ஒப்புதல் தாள்களை நீட்டினாள். மெலிஸ் மகளைப் பார்த்தார். மகளின் முகத்தில் என்ன கண்டாரோ, படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

ஊரில் அன்று சாயங்காலமே அவளுக்குப் பட்டப்பெயர் வந்துவிட்டது. கடைக்கார உர்கியா சித்திதான் வைத்தாள். "வாடியம்மா சினிமாக்காரி, உப்பு வாங்குறதையும் படம் எடுப்பாங்களா? அப்ப நான் நல்ல முக்காடா எடுத்துப் போட்டுக்கறேன்" என்றாள்.

முதல் வாரம் பெர்மெத்துக்குக் கூச்சம் தாங்கவில்லை. சுரங்கக் குழாய் மாதிரி ஒரு கண்ணாடிக் கண் தன் பின்னாலேயே வருவதை நினைத்தால் கால் பின்னிக்கொண்டது. காலையில் திலெக் அவள் சட்டைக் கழுத்துக்குள் பட்டாணி அளவில் ஒரு மைக்கை மாட்டிவிடுவான், சாயங்காலம் கழற்றிக்கொள்வான். பத்து நாளில் மைக் பழகிவிட்டது. அது அங்கே இருப்பதே மறந்து போயிற்று.

எல்னுராவும் பழகிவிட்டாள். வறட்டி சுமந்தாள், மாவு பிசைந்தாள், அவள் பொரித்த பூர்சோக் மாவு உருண்டைகள் கல்லாக இருந்தன. மெலிஸ் ஒன்றும் சொல்லாமல் அவற்றைத் தேநீரில் ஊறவைத்துத் தின்றார். அவர் வெளியே போனதும் இரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்டு மூன்று வருடம் இருக்கும்.

சிரிப்பைவிட, அவள் கேட்ட கேள்விகள்தான் பெர்மெத்தை இழுத்தன. காலையில் கண் விழித்ததும் முதலில் என்ன நினைத்தாய் என்று கேட்பாள். ஊரில் யாரோடு பேசப் பிடிக்கும், யாரைக் கண்டால் ஒதுங்கிப் போவாய் என்று கேட்பாள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருப்பாள். அதுவரை பெர்மெத்திடம் யாரும் கேட்ட கேள்விகள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டியாயிற்றா, வீட்டுப்பாடம் முடித்தாயா என்ற வகைதான். தனக்குள் சொல்வதற்கு இவ்வளவு இருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்னுரா அக்கா, எல்னுரா அக்கா என்று சுற்றிச் சுற்றி வந்தாள்.

டிசம்பரில்தான் அது நடந்தது. அந்த ஊரில் போன் வேலை செய்வது கல்லறைகளுக்கு மேலே இருந்த மேட்டில் மட்டும்தான். இடுப்பளவுப் பனியில் ஏறிப் போக முக்கால் மணி நேரமாகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெர்மெத் தனியாக ஏறிப் போய் அம்மாவை வீடியோவில் அழைத்தாள். அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு கைக்குழந்தை வீரிட்டது. ஓர் ஆணின் கை வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனது. கூடத் தங்கியிருப்பவளின் குழந்தை என்று அம்மா சொன்னாள். பெர்மெத் அழைப்பை முடித்தாள். மேட்டிலிருந்து இறங்கத் திரும்பியபோது குரல் செய்தி ஒன்று வந்தது. அம்மா அழுதுகொண்டே சொல்லியிருந்தாள். குழந்தை தன்னுடையதுதான். நான்கு மாதமாகிறது. "அப்பாகிட்ட சொல்லிடாதம்மா. வசந்தத்துல நானே வந்து நேருல சொல்றேன். நீ பெரிய பொண்ணு, உனக்குப் புரியும்."

பெர்மெத் அதை ஒரே ஒரு தடவை கேட்டு அழித்தாள். கீழே இறங்கி வந்து அப்பாவுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவர் முகத்தை நேராகப் பார்ப்பது அவளுக்குக் கடினமாகிவிட்டது. அவரோ, வசந்தத்தில் ராகத் வந்தால் மேல் அறைக்குப் புதுக் கம்பளம் போட வேண்டும் என்றார். வழக்கமான இரண்டு வாக்கியத்துக்கு மேல் அவர் சொன்ன மூன்றாவது வாக்கியம் அது.

பிப்ரவரியில் மூன்று நாள் விடாமல் பனிப்புயல் அடித்தது. மூன்றாம் நாள் மத்தியானம் காற்று கொஞ்சம் தணிந்தபோது பெர்மெத்தும் எல்னுராவும் தொழுவத்தில் கன்றுகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்கள். குளிரில் பேட்டரி செத்துவிடுகிறது என்று திலெக் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குள் போயிருந்தான். பை தொழுவக் கதவோரம் கிடந்தது. எல்னுரா, நாலு நாளாக நீ சரியாகச் சாப்பிடவில்லை, என்ன விஷயம் என்று கேட்டாள். பெர்மெத் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தாள்.

"கேமரா ஓடுதா அக்கா?"

"இல்லம்மா. அங்க பாரு, பைக்குள்ள கிடக்கு. நீயும் நானும்தான் இருக்கோம்."

பெர்மெத் எல்லாவற்றையும் சொன்னாள். குழந்தையின் அழுகையை, அந்தக் கையை, அம்மாவின் குரலை, புதுக் கம்பளத்தை. அப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் தான் ஒரு திருடி மாதிரி உணர்வதை. அம்மாவை வெறுக்க வேண்டும் என்று தோன்றுகிறது, ஆனால் மறுநாளே மேட்டில் ஏறி அவள் குரலைக் கேட்க வேண்டும் போலவும் இருக்கிறது என்பதை. இந்த ஊரில் இதைச் சொல்ல ஓர் உயிர்கூட இல்லை என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. எல்னுரா அவளைக் கட்டிக்கொண்டாள். அவளும் அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை என்றுதான் பெர்மெத் பிற்பாடும் நம்பினாள். அதுதான் அவளுக்கு ஆறாமல் போனது.

ஏப்ரலில் கணவாய் திறந்ததும் இருவரும் கிளம்பிப் போனார்கள். அம்மா வரவில்லை. தையல் கூடத்தில் விடுப்பு இல்லையாம். மே மாதம் பெர்மெத், படம் எப்போது காட்டுவீர்கள் என்று எழுதினாள். வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. ஆகஸ்டில் மறுபடி எழுதினாள். சீக்கிரம் என்று பதில், கூடவே ஒரு இதயப் படம். அக்டோபரில் ஒரு கார் வந்து நின்றது. பிஷ்கெக்கில் முதல் காட்சி, நீங்கள் இருவரும்தான் சிறப்பு விருந்தினர், மேடை ஏற வேண்டும் என்று ஓட்டுநர் சொன்னார். முதலில் நமக்குக் காட்டுவதாகத்தானே பேச்சு என்று மெலிஸ் கேட்டார். பெர்மெத், அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும், வாங்க போகலாம் என்று அவரை வற்புறுத்திக் கூட்டிப் போனாள். அந்த வற்புறுத்தலும் அவள் மனதை விட்டுப் போகவில்லை.

பெரிய அரங்கு. முன் வரிசையில் இடம். மெலிஸ் வெள்ளைக் கல்பாக் தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படம் தொடங்கியதும் தன் மாடுகள் திரையை அடைத்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து மகள் பக்கம் சாய்ந்து, "அந்தக் கிழட்டுச் செவலையப் பாரு, நம்ம ஊர்ல இவ்வளவு அழகா இருந்ததில்ல" என்றார். பெர்மெத் சிரித்தாள். தன் முகம் அவ்வளவு பெரிதாகத் தெரிவது வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது. காலி வகுப்பில் அவள் மட்டும் உட்கார்ந்திருக்கும் காட்சியில் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

படம் முடிய கால் மணி நேரம் இருக்கும்போது திரையில் ஊர் முழுக்கத் தெரிந்தது. கல்லறை மேட்டிலிருந்து எடுத்த காட்சி. வெள்ளைச் சரிவு, நாற்பது வீட்டுப் புகை, அசையாத ஆகாயம். அதன் மேல் அவள் குரல் கேட்டது.

முதல் வாக்கியத்தில் அவளுக்கு விளங்கவில்லை, தான் இதை எப்போது பேசினோம் என்று. இரண்டாவது வாக்கியத்தில் வைக்கோல் சரசரத்தது. அவளுக்குத் தொழுவம் நினைவுக்கு வந்தது. கேமரா பைக்குள்தான் இருந்தது. சட்டைக் கழுத்துக்குள் இருந்த பட்டாணி மைக்கை அப்போது யாரும் கழற்றியிருக்கவில்லை.

குரல் நிற்கவில்லை. குழந்தை, கை, அம்மா, கம்பளம் எல்லாம் வந்தன. அரங்கில் முந்நூறு பேர் மூச்சு விடாமல் கேட்டார்கள். பெர்மெத் அப்பா பக்கம் திரும்பவில்லை. கண்ணோரத்தில் தெரிந்தது அவர் கை மட்டும்தான். தொப்பியைப் பிடித்திருந்த அந்தக் கை கொஞ்சம்கூட அசையவில்லை.

விளக்குகள் எரிந்தன, கைதட்டல் எழுந்தது, தொகுப்பாளர் வந்து அவளை மேடைக்கு அழைத்தார். எப்படி ஏறினாள் என்று அவளுக்கே நினைவில்லை. எல்னுரா ஓடி வந்து கட்டிக்கொண்டாள், அவள் மேல் அதே சோப்பு வாசனை அடித்தது. அரங்கிலிருந்து ஒரு பெண்மணி எழுந்து, மிகவும் கனிவாகத்தான் கேட்டாள், இப்போது அம்மாவோடு பேசுகிறாயா, மன்னித்துவிட்டாயா என்று.

யாரோ மைக்கைக் கையில் கொடுத்தார்கள். பெர்மெத் முன் வரிசையைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவைப் பத்தி அதுல வர்றது உண்மையில்ல" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடத் தெளிவாக வந்தது. "சோகமா ஏதாவது சொல்லுன்னாங்க. நான் கற்பனை பண்ணிச் சொன்னேன். எங்கம்மா தையல் வேலைக்குப் போயிருக்காங்க. குழந்தையெல்லாம் எதுவும் இல்ல. படம் நல்லா வரணும்னு சொன்னேன், அவ்வளவுதான்."

கைதட்டல் வரவில்லை. முணுமுணுப்புதான் பரவியது. தொகுப்பாளர் எதையோ சொல்லிச் சமாளித்தார். பத்திரிகைக்காரன் ஒருவன் எழுந்து, அப்படியானால் இது உண்மைப் படமா, எழுதிக் கொடுத்து நடிக்க வைத்த படமா என்று எல்னுராவைக் கேட்டான். எல்னுரா அவனுக்கு என்ன சொன்னாள் என்பதை பெர்மெத் கேட்கவில்லை. அதற்குள் மேடைப் பக்கவாட்டுப் படியில் இறங்கிவிட்டாள்.

திரைக்குப் பின்னால் எல்னுரா வந்து அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். முகம் வெளிறியிருந்தது.

"ஏன் இப்படிப் பண்ணின? அது உண்மைன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

"கேமரா ஓடலன்னு சொன்னீங்க."

"ஓடல. பைக்குள்ளதான் இருந்துச்சு. நான் உங்கிட்ட பொய் சொல்லல பெர்மெத்."

"மைக் ஓடிச்சு."

எல்னுரா பிடித்திருந்த கையை விட்டாள். "நீ மைக்கைப் பத்திக் கேக்கல" என்றாள்.

அதைச் சொன்ன பிறகு அவளுக்கே அது எப்படி ஒலித்தது என்று தெரிந்திருக்க வேண்டும். வேகமாகப் பேச ஆரம்பித்தாள். அந்தக் குரல்தான் படத்துக்கு உயிர். அது இல்லாவிட்டால் பனியும் மாடும்தான் மிஞ்சும். உன்னைப் போல எத்தனை பெண்கள் வாயைத் திறக்க வழியில்லாமல் மலைகளில் கிடக்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை வைத்தேன். முன்னாலேயே கேட்டிருந்தால் நீ வேண்டாம் என்றிருப்பாய், அதனால்தான் காட்டவில்லை. ஐந்து மாதம் உன் வீட்டில் இருந்தேன், உன்னை என் தங்கையாகத்தான் நினைத்தேன்.

"அந்தப் பொண்ணுங்கள்ல ஒருத்தியும் எங்கப்பா பக்கத்துல உக்காந்து அதைக் கேக்கல அக்கா" என்றாள் பெர்மெத்.

அக்கா என்று அவளை அழைத்தது அதுதான் கடைசி. திலெக் சுவரோரம் குந்தி உட்கார்ந்து, ஏற்கெனவே சுருட்டியிருந்த ஒயரைப் பிரித்து மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தான். தொழுவத்தில் அவள் பேசிய நாள் காலையில் மைக்கை மாட்டியவன் அவன். சாயங்காலம் கழற்றி, அதில் என்ன பதிந்திருக்கிறது என்று காதில் வைத்துக் கேட்டவனும் அவன்தான். தலை நிமிரவில்லை.

ஊருக்குத் திரும்பப் பத்து மணி நேரம். மெலிஸ் முன் சீட்டில் உட்கார்ந்து ஓட்டுநரோடு சாலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். மகளிடம் ஒன்றும் கேட்கவில்லை. இடையில் ஒரு கடையில் இறங்கி அவளுக்கு இறைச்சிச் சம்சா வாங்கிக் கொடுத்தார். தான் சொன்ன பொய்யை அவர் நம்பிவிட்டார் என்று நினைக்க பெர்மெத் முயன்றாள். கணவாய் ஏறும்போது கிட்டத்தட்ட நம்பியும்விட்டாள்.

ஊரில் அந்த ஆறுதல் நீடிக்கவில்லை. அரங்கில் யாரோ போனில் பிடித்த துண்டு, படத்தின் குரலும் அவள் மேடையில் சொன்னதும் சேர்ந்து, அவர்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. மேட்டுக்குப் போய்வந்த ஒவ்வொருவர் போனிலும் இருந்தது. உர்கியா சித்தி கடையில் நாலு பேர் நிற்கும்போதே, "என்ன சினிமாக்காரி, உங்கம்மாவுக்கு ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா? கற்பனைப் பிள்ளைன்னா எதுவும் வச்சுக்கலாம்" என்றாள். நாலு பேரும் சிரிக்காமல் தேநீர்த் தூள் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. இரண்டு வருடம் பேசாத சல்தனாத் செய்தி அனுப்பியிருந்தாள். ஐயோ பாவம், நிஜமா, எங்கிட்ட மட்டும் சொல்லேன் என்று. பெர்மெத் பதில் எழுதவில்லை.

அம்மாவின் குரல் செய்தியும் வந்தது. இந்த முறை அழுகை இல்லை. "உன்ன நம்பித்தானேடி சொன்னேன். ஊரு உலகத்துக்கே சொல்லிட்டியே. இனி நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு அங்க வருவேன்?" பெர்மெத் மேட்டிலேயே விரல் மரத்துப் போகும்வரை உட்கார்ந்திருந்தாள். வரப் போவதில்லை என்று அம்மா முன்பே முடிவு செய்திருந்தாள், அதற்கு இப்போது காரணம் தன் பெயரில் எழுதப்பட்டுவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை மெலிஸ் மாடுகளைச் சீக்கிரமே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். குதிரையைக் கட்டாமல் அப்படியே மேட்டுப் பக்கம் போனார். அவர் போன் பேச மேடு ஏறி பெர்மெத் பார்த்ததில்லை. ராகத்தோடு பேசுவது எப்போதும் மகள் வேலை. அவர் திரும்பி வந்தபோது அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றாமல் அடுப்பருகே உட்கார்ந்தார்.

"உங்கம்மாகிட்ட பேசினேன். பையன்தானாம். எமிர்னு பேரு வச்சிருக்காளாம்."

பெர்மெத்தின் கை மாவில் நின்றது.

"நீ மேடையில சொன்னியே, அது எனக்காகன்னு தெரியும். அரங்கத்துலயே தெரியும். நீ பொய் சொல்லும்போது உன் இடது கண்ணு சுருங்கும். சின்னதுலருந்தே அப்படித்தான்." அவர் குரலில் கோபம் இல்லை. சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பது போலப் பேசினார். "ராகத் பண்ணினது அவளோட. அதை நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு எனக்குத் தாங்கல. நம்ம வீட்டு விஷயத்தை நீ எங்கிட்ட சொல்லல. லாரியில வந்து இறங்கினவகிட்ட சொன்ன. ஒரு குளிர்காலம் முழுக்க நானும் நீயும் இதே அடுப்புகிட்டதானே உக்காந்திருந்தோம்?"

துரோகம் செய்யப்பட்டவள் தான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் அவள் நினைத்திருந்தாள். அப்பாவின் பக்கமிருந்து பார்த்தால் தானும் எல்னுராவும் ஒரே தொழுவத்தில், ஒரே வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசியவர்கள். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வேறொன்று வந்தது.

"அவ கேட்டாப்பா. நீங்க கேக்கல."

மெலிஸ் எழுந்து, குதிரையை இன்னும் கட்டவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் திரும்பி வருவதற்குள் ரொட்டி கருகிவிட்டது. இருவரும் கருகியதைச் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டார்கள்.

நவம்பரில் கணவாய் மூடியது. மூடுவதற்கு முன் எல்னுராவிடமிருந்து ஒரே ஒரு செய்தி வந்தது. அந்தக் குரலை எடுக்காமலே படம் வெளிநாட்டில் ஒரு விழாவில் பரிசு வாங்கிவிட்டதாம். இங்கே உள்ளூரில்தான் யாரும் திரையிட முன்வரவில்லை, நீ மேடையில் செய்தது அப்படி, ஒரு வருட உழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாய், ஆனாலும் உன் மேல் எனக்குக் கோபமில்லை என்று எழுதியிருந்தாள். பெர்மெத் இரண்டு முறை படித்தாள். தன் மேல் அவளுக்குக் கோபம் வர என்ன உரிமை என்று யோசித்தாள். போனை அணைத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

பதினொன்றாம் வகுப்பிலும் அவள் ஒருத்திதான். வீட்டில் ஒரு சின்ன மாற்றம் வந்தது. சாயங்காலம் தேநீர் குடித்து முடித்ததும் மெலிஸ் உடனே படுப்பதில்லை. கிண்ணத்தைக் கையில் உருட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, "இன்னிக்குப் பள்ளிக்கூடத்துல என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்பார். கேட்டுவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கதவைப் பார்ப்பார்.

பெர்மெத் கணக்குப் பாடத்தைப் பற்றிச் சொல்வாள். பையன்கள் ஜன்னல் கண்ணாடியை உடைத்ததைச் சொல்வாள். அவர் தலையாட்டிக்கொண்டே, பதில் முடியும்வரை காத்திருப்பார். சொல்ல வேண்டியது இன்னும் நிறைய இருந்தது. இரண்டு மூன்று தடவை அது நாக்கு நுனிவரை வந்தது. யாரிடமும் அப்படிப் பேசிவிட இனி தன்னால் முடியுமா என்பது அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் அப்பா மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார்.